சாஷிங் வெள்ளையா, கறுப்பா? 20 பிளாக் க்வில்ட்டுக்கு நிறம் பார்ப்பது

உங்கள் கேள்வி இது: க்வில்ட், அதாவது ஒட்டுத் துணிப் போர்வைக்கு 12 அங்குல பிளாக்குகள் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த சதுரங்கள்) 20 தைத்து முடித்தாயிற்று. நட்சத்திரம், ஒன்பது கட்டம், நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகள் அடுக்கிய லாக் கேபின் என்று கலவை. துணியும் கலவைதான்: பழைய பருத்திச் சேலை, சட்டைத் துணி, கொஞ்சம் சுங்குடி. ஒரு பிளாக்கில் உள்ள நிறம் அடுத்ததில் இல்லை. பிளாக்குகளுக்கு நடுவே ஓடும் சாஷிங் பட்டைக்கு வெள்ளை போடச் சொல்கிறார்கள், உங்களுக்கோ கறுப்பின் மேல் கண். பார்டருக்கு எதுவுமே தோன்றவில்லை.

இப்படிப்பட்ட கலவைக்கு என் தேர்வு: சாஷிங்குக்கு நேவி ப்ளூ, பட்டைகள் சந்திக்கும் மூலைச் சதுரங்களுக்குக் கடுகு மஞ்சள், வெளிப் பார்டருக்கு நீலமும் மஞ்சளும் கலந்த பெரிய அச்சுத் துணி. ஆனால் உங்கள் பிளாக்குகள் உங்கள் தரையில் கிடக்கின்றன, என் கண்முன் இல்லை. அதனால் இதை அப்படியே வாங்கிவிடாமல், கீழே சொல்வதைச் செய்துபார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

முதலில் ஒரு கணக்கு. 4 வரிசை அகலம், 5 வரிசை நீளம், எல்லாப் பக்கமும் 2 அங்குல சாஷிங் என்றால் நடுப்பகுதி 58க்கு 72 அங்குலம். அதைச் சுற்றி ஒன்றரை அங்குல உள் பார்டர், பிறகு 6 அங்குல வெளிப் பார்டர். மொத்தம் 73க்கு 87. 60க்கு 78 அங்குலக் கட்டிலில் இருபுறமும் ஆறரை அங்குலம் தொங்கும். இந்த 6351 சதுர அங்குலத்தில் நீங்கள் மாதக்கணக்கில் தைத்த பிளாக்குகள் 2880, அதாவது நூற்றுக்கு 45. வெளிப் பார்டர் மட்டும் 1776, சாஷிங் 1176, உள் பார்டர் ஏறக்குறைய 400. போர்வையின் பாதிக்கு மேல் நீங்கள் இனிமேல்தான் நிறம் சொல்லப்போகும் துணி. கடைசி நேரத்தில் கையில் கிடைத்ததை வைத்து முடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இப்போது பிளாக்குகளைக் கையில் எடுங்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். விளிம்பைப் பாருங்கள், சாஷிங்கைத் தொடப்போவது அதுதான். விளிம்பு வெளிர் நிறமாக உள்ளவை ஒரு குவியல், அடர் நிறமாக உள்ளவை ஒரு குவியல், இரண்டுக்கும் நடுவில் நிற்பவை ஒரு குவியல். சிவப்பா பச்சையா என்ற கேள்வியே இங்கே வேண்டாம். கண்ணை நம்பாதீர்கள், பளிச்சென்ற மஞ்சளையும் ஆரஞ்சையும் கண் தப்பாகத்தான் எடைபோடும். ஜன்னலோரம் பரப்பி போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வேறு வேறு நிறம் என்று நீங்கள் நினைத்த சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வந்து நிற்கும். அந்தச் சாம்பல்தான் அந்தத் துணியின் அடர்த்தி. சாஷிங் எடுபடுவதும் எடுபடாததும் இந்த அடர்த்தி வித்தியாசத்தால்தான், நிறத்தால் அல்ல.

விளிம்பின் அடர்த்தியும் சாஷிங்கின் அடர்த்தியும் ஒன்றானால் பிளாக்கின் எல்லை கரைந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் தைத்த நட்சத்திரத்தைச் சுற்றி வெள்ளை சாஷிங் போட்டால் கட்டம் மறைந்து நட்சத்திரம் மட்டும் மிதக்கும். 20 பிளாக்கும் வெள்ளைப் பின்னணி என்றால் இது அழகு, வேண்டுமென்றே செய்வார்கள். உங்களுடையதில் எட்டுப் பத்து வெளிர் விளிம்பு, மீதி அடர் விளிம்பு என்று இருந்தால் வெள்ளை சாஷிங் என்ன செய்யும்? நட்சத்திரம் மிதக்கும், பக்கத்திலேயே லாக் கேபின் மரப்பெட்டி மாதிரி சதுரமாக உட்கார்ந்திருக்கும். ஒன்று 12 அங்குலமாகத் தெரியும், மற்றது 8 அங்குலமாகத் தெரியும். தையலில் ஒரு பிழையும் இருக்காது, ஆனாலும் போர்வை ஒழுங்கில்லாமல் இருக்கும். கலவை பிளாக்குகளுக்கு வெள்ளை போட்டு ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

வெள்ளையில் இன்னொரு வம்பும் உண்டு. பழைய சேலைத் துணியில் வெள்ளை என்பது வெள்ளையாக இருக்காது. பலமுறை துவைத்துப் பழுப்பேறியிருக்கும். சட்டைத் துணி வெள்ளையில் நீலம் போட்ட பளபளப்பு இருக்கும். இரண்டுக்கும் நடுவே புது பாப்ளின் வெள்ளையை வைத்தால் பழைய துணி அழுக்காகத் தெரியும். வெளிர் சாஷிங்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் அரை வெள்ளை, சந்தன நிறம், அல்லது வெளுக்காத காடா. காடாவில் இருக்கும் சின்னச் சின்னப் பருத்திக்கொட்டைப் புள்ளிகள் பழைய துணியோடு ஒத்துப்போகும். ஆனால் காடா நன்றாகச் சுருங்கும். நனைத்துக் காயவைக்காமல் கத்திரி வைக்காதீர்கள்.

கறுப்புக்கு வருவோம். கறுப்புக்கு நடுவே எந்த நிறமும் விளக்கு வைத்த மாதிரி எரியும், அது உண்மைதான். கோயில் ஜன்னல் கம்பிபோல 20 கட்டமும் தனித்தனியாக நிற்கும். பிளாக்குகள் புதுத்துணி, பளிச்சென்ற ஒற்றை நிறங்கள் என்றால் நானும் கறுப்பே சொல்வேன். உங்கள் துணி துவைத்துத் துவைத்து மென்மையானது. அதன் சாயம் ஏற்கனவே இறங்கிவிட்டது. புதுக் கறுப்பு பக்கத்தில் வந்தால் போர்வைக்கு முன்னால் பட்டைதான் கண்ணில் படும். மேலும் கறுப்பு வெயிலில் வெளிறும்போது அழகாக வெளிறாது. பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகப் போகும். உள்ளே வைக்கும் பஞ்சு வெள்ளையானால் துணி இழைகளின் நடுவே நுனி நுனியாக வெளியே வரும், கறுப்பில் அது நரைமுடி போலத் தெரியும். நேவியிலும் இந்தத் தொல்லை உண்டு, ஆனால் அந்த அளவுக்குக் கண்ணை உறுத்தாது. கறுப்பு செய்கிற வேலையை நேவி செய்யும், கறுப்பின் கடுமை இல்லாமல். வெளிர் விளிம்புக்கு நேர் எதிராக நிற்கும். மெரூன், கரும்பச்சை விளிம்பு பக்கத்தில் வந்தாலும் நிற வேறுபாடு கொஞ்சம் காப்பாற்றும்.

நடு அடர்த்தி நிறங்களைப் பாதுகாப்பான தேர்வு என்று நினைத்துப் பலர் எடுப்பார்கள்: ஆகாய நீலம், ரோஸ், கிளிப்பச்சை. அவைதான் ஆபத்து. பாதி பிளாக்கின் விளிம்பு அதே அடர்த்தியில் இருக்கும், எல்லாம் கலங்கிய குளம் மாதிரி ஆகிவிடும். நடு அடர்த்தி எடுபட வேண்டுமென்றால் அது பிளாக்கில் உள்ள எதைவிடவும் மங்கலாக, சாயம் குறைந்ததாக இருக்க வேண்டும்: சாம்பல், கல் நிறம், மண் நிறம். சாம்பல் நிஜமாகவே நல்ல தேர்வு. கொஞ்சம் உயிரில்லாமல் இருக்கும், அவ்வளவுதான் குறை.

அடர் விளிம்புக் குவியலில் இரண்டு மூன்று பிளாக்குகள் நேவியோடு கரைகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்காக சாஷிங் நிறத்தை மாற்ற வேண்டாம். அந்த பிளாக்குகளின் வெளிச் சுற்றை அரை அங்குலம் குறைத்து வெட்டி, வெளிர் நிறத்தில் ஓர் அங்குலப் பட்டையை நாலு பக்கமும் தைத்துத் திரும்பத் தையல் விளிம்பு உட்பட 12½ அங்குலத்துக்கு வெட்டிக்கொண்டால் போதும், அரை அங்குலக் கரை கட்டியது போல எல்லை கிடைத்துவிடும். நட்சத்திர முனை விளிம்பைத் தொடும் பிளாக்கில் இதைச் செய்யாதீர்கள், முனை வெட்டுப்பட்டுப் போகும்.

இனி, துணியை வைத்துப் பார்க்கும் முறை. கடையில் ஒரு மீட்டர் விரிப்பாகப் பார்க்கும் நிறமும் 2 அங்குலப் பட்டையாகப் பார்க்கும் நிறமும் ஒன்றல்ல. துணியை 2 அங்குல அகலத்துக்கு மடித்து, நாலு பிளாக்கை இடைவெளி விட்டு வைத்து, நடுவே சிலுவையாகப் போடுங்கள். நாற்காலி மேல் ஏறி மேலிருந்து படம் எடுங்கள். அடுத்த நிறம், அடுத்த படம். மூன்று படத்தையும் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். எதில் பிளாக் முதலில் தெரிகிறதோ அது நல்லது, எதில் சிலுவை முதலில் தெரிகிறதோ அதை எடுத்து வைத்துவிடுங்கள். டியூப்லைட்டில் ஒரு முறை, காலை வெளிச்சத்தில் ஒரு முறை பார்ப்பது நல்லது. நேவி இரவில் கறுப்பாகத்தான் தெரியும், அதில் பதற வேண்டாம்.

ஒற்றை நிறத் துணிக்கு நம் ஊர் மேட்சிங் சென்டரை மிஞ்சிய இடம் இல்லை. நீலத்திலேயே இருபது வகை அடுக்கி வைத்திருப்பார்கள். பல நிறம் கலந்த ஒரு பிளாக்கைக் கையோடு எடுத்துப்போங்கள். ரவிக்கைக்கு மேட்ச் பார்ப்பது போலத்தான், கடைக்காரரிடம் சொல்லி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ரவிக்கைத் துணியாக விற்பதில் பாலியஸ்டர் கலந்தது நிறைய. ஓரத்து நூல் நாலைப் பிரித்துத் தீ வைத்துப் பாருங்கள்: காகிதம் எரிந்த வாசனையும் சாம்பலும் வந்தால் பருத்தி, உருகி மணியாக உருண்டால் கலப்படம். சேலைத் துணியோடு தைக்க பாப்ளின் அல்லது காம்ப்ரிக் ஏற்றது. மல்மல் மெல்லியது, பட்டை நேராக நிற்காது. சாஷிங், பார்டர் இரண்டுக்கும் ஒரே நேவி என்றால் ஒரே தானிலிருந்து ஒரே நாளில் வாங்குங்கள். அடுத்த வாரம் வரும் தானில் நீலம் ஒரு படி மாறியிருக்கும், தைத்த பிறகுதான் தெரியும்.

எவ்வளவு வாங்குவது? சாஷிங் துண்டு 2½க்கு 12½ அங்குலமாக வெட்ட வேண்டும், கால் அங்குலத் தையல் விளிம்பு உட்பட. குறுக்கும் நெடுக்கும் சேர்த்து 49 துண்டு. துணியின் நீளப்பக்கம் 12½ அங்குலம் அளந்து அகலம் முழுக்க ஒரு வரிசை வெட்டி, அதை 2½ அங்குலமாகத் துண்டாக்குங்கள். இப்படி வெட்டினால் பட்டையின் நீளம் துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலோடு போகும்; குறுக்கே ஓடும் ஊடு நூல் இழுபடும் அளவுக்குப் பாவு இழுபடாது. 42 அங்குல அகலத்தில் ஒரு வரிசைக்கு 16. மூன்று வரிசைக்கு 48. ஒன்று குறையும்! அந்த ஒற்றைத் துண்டுக்காக இன்னொரு 12½ அங்குலம் வேண்டும், மொத்தம் 50 அங்குலம். சுருக்கத்தையும் சேர்த்து ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். 36 அங்குல அகலத் துணியானாலும் நாலு வரிசையில் வந்துவிடும், அதே ஒன்றரை மீட்டர் போதும். மூலைச் சதுரம் 2½ அங்குலத்தில் 30. கால் மீட்டர் தாராளம்.

மூலைச் சதுரம் போடுவது அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. சதுரம் இல்லாமல் நீளப் பட்டையாக ஓட்டினால் ஒரு வரிசை பிளாக்கும் அடுத்த வரிசை பிளாக்கும் நேருக்கு நேர் வருவது கை உத்தேசம்தான், கால் அங்குலம் விலகினாலும் கண்ணில் படும். சதுரம் இருந்தால் தையலோடு தையல் பூட்டிக்கொள்ளும். எல்லா இடத்திலும் தையல் விளிம்பை சாஷிங் பக்கமே மடித்து இஸ்திரி போட்டால் போதும். நிறம் மட்டும் அடக்கமாக இருக்கட்டும். நேவி நடுவே வெள்ளைச் சதுரம் வைத்தால் 30 பொட்டு வரிசையாகத் தெரியும், அதைத் தாண்டிக் கண் பிளாக்குக்குப் போகாது. கடுகு மஞ்சள் அந்த அளவுக்குக் கத்தாது. சுங்குடியில் மஞ்சள் இருந்தால் அதோடு கைகோத்துக்கொள்ளும். 30 சதுரமும் சேர்ந்து 120 சதுர அங்குலம்தான். இதே மஞ்சளை வெளிப் பார்டரில் போட்டால் பதினைந்து மடங்கு பரப்பு, அறை முழுக்க மஞ்சளாகிவிடும். எந்த நிறத்தைப் பற்றியும் பிடிக்குமா என்று கேட்பதோடு, எத்தனை அங்குலத்துக்குப் பிடிக்கும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பார்டர் என்றதும் எல்லாரும் கடைசியில் யோசிப்பார்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத் துணிப் போர்வையில் வேலையே வெளி விளிம்பில்தான் தொடங்கும், சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் பகுதியில் எளிய வாழ்க்கை வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவ மக்களின் பழைய க்வில்ட்களில் பார்டர் ஓர் அடி அகலத்துக்கும் போகும், ஒற்றை நிறத்தில், அச்சே இல்லாமல். உங்களுக்கு அந்த அகலம் வேண்டாம். 12 அங்குல பிளாக்குக்கு வெளிப் பார்டர் பாதி, அதாவது 6 அங்குலம் என்பது கண்ணுக்குச் சரியாக இருக்கும். அதற்குமேல் போனால் பிளாக்குகள் நடுவில் ஒடுங்கிவிடும்.

நிறத்துக்கு ஒரே நிபந்தனை: பார்டரில் வரும் நிறம் உள்ளே எங்காவது இருக்க வேண்டும். உள்ளே இல்லாத நிறம் வெளியே வந்தால் வேறு போர்வையிலிருந்து வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும். உங்களுடையது பல நிறக் கலவை என்பதால் பெரிய அச்சு உதவும்: கலம்காரி போல நீலம், மெரூன், மஞ்சள், பழுப்பு நாலும் வருகிற துணி. சிதறிக்கிடக்கும் நிறங்களை அது ஒரே இடத்தில் கூட்டிக் காட்டும். அச்சின் உருவம் பிளாக்கிலுள்ள துண்டுகளைவிடப் பெரிதாக இருக்கட்டும். பொடி அச்சு தூரத்தில் ஒரே சேறாகத் தெரியும். மயில், யானை என்று தலை கால் உள்ள அச்சு வேண்டாம், ஏதாவது ஒரு பக்கத்தில் அது தலைகீழாக நிற்கும். துணியின் தரை நிறம் அடராக இருந்தால் போர்வைக்கு விளிம்பில் எடை கிடைக்கும். வெளிர் பார்டர் காலடிப் பக்கம் சீக்கிரம் அழுக்காகும் என்பது வேறு.

நேவி சாஷிங்கையும் இந்த அச்சையும் நேரே தைத்தால் இரண்டு அடர் துணியும் முட்டிக்கொள்ளும். நடுவில் வரும் ஒன்றரை அங்குல உள் பார்டருக்கு வேலை அங்கேதான்: வெளிர் சந்தனமோ, மூலையில் வைத்த அதே கடுகு மஞ்சளோ, மெல்லிய கோடாக ஓடட்டும். 2 அங்குலமாக வெட்டிய ஏழு பட்டை, அரை மீட்டர். சாஷிங்குக்கும் வெளிப் பார்டருக்கும் ஒரே நேவி ஒற்றை நிறம் என்று முடிவு செய்தால் உள் பார்டரை விட்டுவிடலாம். பிளாக்குகள் நீலத்தில் பதித்தது போல இருக்கும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

சாயம் போவது நிறத் தேர்வில் பாதி. மெரூன், சிவப்பு, நேவி, கறுப்பு, கரும்பச்சை, கையச்சுத் துணி எதையும் நம்பக்கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி, சூடான நீரில் சோப்புத் தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு பிழிந்து வைத்துப் பாருங்கள். வெள்ளையில் கறை ஏறினால் துணியைத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். ஐந்தாறு முறைக்குப் பிறகும் தெளியவில்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். உப்பு, வினிகர் போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வது கடையில் வரும் இந்தப் பருத்திச் சாயங்களுக்குப் பலிக்காது. நம் மெட்ராஸ் கட்டத் துணியைச் சாயம் போவதே அழகு என்று சொல்லி ஒரு காலத்தில் அமெரிக்காவில் விற்றார்கள். சட்டையில் அது செல்லும், சந்தனப் பட்டைக்குப் பக்கத்தில் செல்லாது.

அலசும்போதே சுருக்கமும் முடிந்துவிடும், அதுதான் முக்கியம். உங்கள் சேலைத் துணி இனிச் சுருங்காது, புது பாப்ளின் சுருங்கும். நூற்றுக்கு நாலு என்றாலும் 12 அங்குலப் பட்டைக்கு அரை அங்குலம். முதல் சலவையிலேயே பட்டை இழுத்து பிளாக்குகள் அப்பளம் மாதிரி உப்பும்.

தையலில் நிறத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, வெளிர் துணிக்கு அடியில் அடர் விளிம்பு தெரிவது. சந்தன உள் பார்டரைத் தைத்ததும் தையல் விளிம்பை நேவி பக்கம் மடித்துவிடுங்கள். பிளாக்கின் வெளிர் விளிம்புக்கு அடியில் நேவி நூல் பிசிறு ஒன்று மாட்டினால்கூட நரம்பு மாதிரி தெரியும், மூடுவதற்கு முன் பொறுக்கி எடுங்கள். இரண்டாவது, பார்டர் அலையலையாக நிற்பது. நீளமான பட்டையை விளிம்போடு வைத்துத் தைத்துக்கொண்டே போய்க் கடைசியில் மிச்சத்தை வெட்டினால் அலை நிச்சயம், ஏனென்றால் போர்வையின் விளிம்பு கையாளும்போதே நீண்டிருக்கும். நடுவிலும் இரு ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளேயும் மூன்று இடத்தில் அளந்து, சராசரிக்கு இரண்டு பக்கப் பட்டையையும் ஒரே அளவாக வெட்டுங்கள். நடுவையும் முனைகளையும் முதலில் குத்தூசி போட்டு, மிச்சத்தை அந்த அளவுக்குள் அடக்கித் தையுங்கள். பக்கங்களைத் தைத்து முடித்த பிறகுதான் மேல், கீழ் அளவு.

வெளிப் பார்டரை ஒட்டில்லாமல் பாவு நீளத்தில் எடுக்க 75½ அங்குலத்துக்கு மேல் வேண்டும். இரண்டேகால் மீட்டர் வாங்குங்கள். 6½ அங்குலத்தில் நாலு பட்டைக்கு 26 அங்குல அகலம் போய்விடும். மீதி 16 அங்குலத்தில் 2½ அங்குலமாக ஐந்து நீளப் பட்டை வெட்டினால் சுற்றளவு 320 அங்குலத்துக்கும் பைண்டிங் (போர்வையின் வெளி ஓரத்தை மூடித் தைக்கும் பட்டை) அதே துணியில் வந்துவிடும், தனியாக வாங்க வேண்டாம். பைண்டிங் மட்டும் நேவியில் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் சாஷிங் வாங்கும்போதே முக்கால் மீட்டர் கூடுதலாகச் சொல்லிவிடுங்கள்.